தடுத்தால் நிற்குமா?

சமூக ஊடகத்தில் வாயை அடைப்பது பற்றியும் தெருவில் இறங்கிப் போராடுவது பற்றியும் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். திருச்சி, ஸ்ரீரங்கம் வட்டாரத்திலிருந்தே கடிதங்கள் அதிகம். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறோம். கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை; ஏன் என்று கேள்விகளைப் படித்தால் புரியும்.

கல்லூரி மாணவி, உறையூர்: நான் ஒரு ரீல்ஸ் போட்டால் அரசாங்கம் அசைந்துவிடுமா?

அசையும். உங்கள் ஊர்ப் பாடகர் ஒருவரின் பாட்டு இணையத்தில் ஏறியதற்காகச் சென்னையிலிருந்து போலீஸ் கிளம்பி வந்து அதிகாலையில் கதவைத் தட்டியிருக்கிறது. அசைகிற அரசாங்கம் எந்தப் பக்கம் அசையும் என்பதுதான் விஷயம். அதை அடுத்தவர் கேட்டிருக்கிறார்.

ஆட்டோ ஓட்டுநர், தில்லைநகர்: கோவன் அவ்வளவு பாடினாரே, அதனால் ஒரு டாஸ்மாக் கடையாவது மூடியதா?

2015 அக்டோபர் 30. மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவனைத் திருச்சியில் அவர் வீட்டில் வைத்துக் கைது செய்தார்கள். தேசத்துரோகப் பிரிவான 124ஏ, பகை மூட்டியதாகச் சொல்லும் 153ஏ என்று வழக்கு. அவர் செய்த காரியம், மதுக்கடையை மூடச் சொல்லியும் அன்றைய முதல்வர் ஜெயலலிதாவைச் சாடியும் பாடியது. அதுவரை இயக்கக் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் கேட்ட பாட்டு, கைதான மறுநாளே டீக்கடை செல்போன்களில் ஒலித்தது. நவம்பர் நடுவில் ஜாமீனில் வெளியே வந்தார்.

2016 மே 23-ல் மறுபடி முதல்வரான ஜெயலலிதா, பதவியேற்ற அன்றே 500 கடைகளை மூட உத்தரவிட்டார். காலை 10 மணிக்குத் திறந்த கடைகள் பகல் 12 மணிக்குத் திறக்கும் என்றும் ஆனது. 2017 பிப்ரவரியில் முதல்வர் பழனிசாமி இன்னொரு 500 கடைகளை மூடினார். 2023 ஜூனில் ஸ்டாலின் அரசும் 500 கடைகளை மூடியது.

பாட்டு மட்டுமே இதைச் செய்ததா என்றால், இல்லை. 2015 ஜூலை 31-ல் காந்தியவாதி சசிபெருமாள் குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடி அங்கேயே உயிரை விட்டார். அதற்குப் பிறகு ஊர் ஊராகப் பெண்கள் கடைகளை முற்றுகையிட்டார்கள். தேர்தல் நெருங்கியது. மதுவிலக்கு பற்றிப் பேசாத கட்சி இல்லை என்ற நிலை வந்தது. ஒரு சாவு, ஆயிரம் முற்றுகை, ஒரு பாட்டு, ஒரு தேர்தல் எல்லாம் சேர்ந்து தள்ளியதில்தான் அந்தக் கையெழுத்து விழுந்தது. பாட்டின் பங்கு என்ன என்று கேட்டால் எனக்குத் தோன்றுவது இது: குடிகாரப் புருஷன், அழுகிற மனைவி என்று வீட்டுக்குள் கிடந்த துயரத்தை அந்தப் பாட்டு அரசாங்கத்தின் வாசலில் கொண்டுபோய் வைத்தது. அதனால்தான் ஆத்திரம் அவ்வளவு வந்தது.

முழு வெற்றி என்று சொல்ல மனம் வரவில்லை. 2023-24-ல் டாஸ்மாக்கிலிருந்து அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். கோவனையும் 2018 ஏப்ரலில் மறுபடி கைது செய்தார்கள். இந்த முறை பிரதமரையும் ரத யாத்திரையையும் விமர்சித்த பாட்டுக்காக. அவர் பாடுவதை நிறுத்தவில்லை.

வியாபாரி, பாலக்கரை: விமர்சனத்தைப் பொறுத்துக்கொள்ளும் கட்சி எது?

எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருக்கும் கட்சி.

கணக்கைப் பாருங்கள். ஒரு ட்வீட்டுக்காக 2012-ல் புதுச்சேரிக்காரர் ஒருவரைக் கைது செய்யப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, மத்தியில் காங்கிரஸ் கூட்டணி ஆண்டபோது வந்தது. கோவன் கைதானபோது இங்கே அ.தி.மு.க. விகடன் இணையதளம் முடக்கப்பட்டபோது டெல்லியில் பா.ஜ.க. தி.மு.க. ஆட்சியில் 2024-ல் யூடியூபர் சவுக்கு சங்கர் கைதானார். பெண் காவலர்களைப் பற்றி ஒரு பேட்டியில் அவர் பேசியது அருவருப்பான பேச்சு. வழக்குப் போட்டுத் தண்டிக்க முழு நியாயம் உண்டு. ஆனால் விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கும் குண்டர் சட்டம் எதற்கு? அந்தப் பேட்டியை எடுத்தவரைப் பிடிக்கத் திருச்சி போலீஸ் டெல்லி வரை போனது எதற்கு? குண்டர் சட்ட உத்தரவை உயர் நீதிமன்றம் ஆகஸ்ட் 9-ல் ரத்து செய்தது. மூன்றாம் நாளே அதே சட்டம் மறுபடி பாய்ந்தது. நமக்குப் பிடிக்காதவர் மீது ஒரு சட்டம் பாயும்போது கைதட்டினால், நம் வீட்டுப் பிள்ளை மீது பாயும்போது பேச நமக்கு வாய் இருக்காது.

ஓய்வுபெற்ற ஆசிரியை, ஸ்ரீரங்கம்: கலெக்டர் ஆபீஸ் முன்னால் பத்துப் பேர் நின்று கோஷம் போடுகிறார்கள். போலீஸ் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, சாயந்திரம் விட்டுவிடுகிறது. இதனால் யாருக்கு என்ன பயன்?

அம்மா, உங்கள் ஸ்ரீரங்கத்தில் பிறந்த டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனைப் பற்றிச் சொல்ல நல்ல சந்தர்ப்பம் கொடுத்தீர்கள்.

1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு. திருச்சியில் டாக்டர் ராஜனின் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் 100 பேர் வேதாரண்யத்துக்குக் கால்நடையாகக் கிளம்பினார்கள். ஏறக்குறைய 150 மைல். வழியில் பெரும்பகுதி தஞ்சை மாவட்டம். அங்கே கலெக்டர் ஜே.ஏ. தோர்ன் என்ற ஆங்கிலேயர். கெட்டிக்காரர். நடக்கிறவர்களை அடித்தால் பத்திரிகையில் படம் வரும், ஊர் கொதிக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே நடக்கிறவர்களை விட்டுவிட்டு, அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களைக் குறிவைத்தார். தொண்டர்களுக்கு உணவோ தங்க இடமோ கொடுத்தால் இந்தியத் தண்டனைச் சட்டம் 157-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை என்று ஊரறிய அறிவித்தார்.

சித்திரை வெயில். நூறு பேர். பட்டினி போட்டால் பாதி வழியில் திரும்பிவிடுவார்கள் என்பது கணக்கு. அது எப்படிப் பொய்த்தது என்பதைத் தஞ்சாவூர்க்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். யாரும் சோறு பரிமாறவில்லை. ஆனால் சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. யார் கட்டியது என்று போலீஸ் எந்த மரத்தைக் கேட்கும்? ஒளிந்து செய்ய மாட்டோம் என்று வெளிப்படையாகவே இடம் கொடுத்தவர்களும் இருந்தார்கள். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் அதற்காகக் கைதானார். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற சவரத் தொழிலாளி போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மறுத்துச் சிறைக்குப் போனார். அவருக்கு அங்கே நினைவுத்தூண் இருக்கிறது. 

ஏப்ரல் 28-ல் படை வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது. 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார். உப்பு வரி அன்றைக்கு ஒழிந்ததா? இல்லை. ஆனால் அரசாங்கத்தின் மேல் ஜனங்களுக்கு இருந்த விசுவாசம் போய்விட்டது என்று தோர்னே தன் மேலதிகாரிகளுக்கு எழுதினார். ஒரு கலெக்டர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்குமூலத்தை வரவழைத்தது ராஜாஜியின் நடை மட்டும் அல்ல. பெயர் தெரியாத அந்தப் பொட்டலக்காரர்களும்தான் என்பது என் கட்சி.

ஆகவே பத்துப் பேர் நின்றால் என்ன பயன் என்பதற்கு நின்ற பத்துப் பேரை எண்ணிப் பதில் சொல்ல முடியாது. எதிர்க்கடைக்காரர் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாரா, பஸ்ஸில் போகிறவர் இறங்கி என்ன ஏது என்று கேட்கிறாரா, மண்டபத்தில் அடைத்தவர்களுக்குச் சாப்பாடு யார் கொண்டுவருகிறார் என்று பாருங்கள். தனக்குக் கொஞ்சம் நஷ்டம் வந்தாலும் பரவாயில்லை என்று மூன்றாம் மனிதர் ஒருவர் முன்வரும் நாளில்தான் போராட்டம் ஆட்சியைத் தொடத் தொடங்குகிறது.

அதே ஆசிரியையின் துணைக் கேள்வி: லைக், ஷேர் எல்லாம் அந்தப் பொட்டலம் மாதிரிதானே?

சில சமயம் ஆம். வேலை போகும் என்று தெரிந்தும் தன் பெயரில் பகிர்கிறவரின் ஒரு ஷேருக்கு அந்த எடை உண்டு. மற்றபடி விரலுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஐ.டி. ஊழியர், கருமண்டபம்: நான் தொடர்ந்து படித்துவந்த ஒரு எக்ஸ் கணக்கு திடீரென்று ‘சட்டக் கோரிக்கையின் பேரில் இந்தியாவில் தடுக்கப்பட்டுள்ளது’ என்று காட்டுகிறது. யார் தடுத்தார்கள், எதற்குத் தடுத்தார்கள் என்று எங்கே பார்ப்பது?

எங்கேயும் பார்க்க முடியாது. என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக ஒரு பக்கத்தை முடக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2009-ல் வந்த விதிகளில் 16-ஆவது விதி, புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. எழுதியவருக்கே பெரும்பாலும் உத்தரவின் நகல் கிடைப்பதில்லை. கம்பெனிக்குத் தகவல் போனால் போதும் என்று நடக்கிறது. 2021 பிப்ரவரியில் டெல்லி விவசாயிகள் போராட்டத்தின்போது நூற்றுக்கணக்கான கணக்குகளை முடக்கச் சொன்னார்கள். ட்விட்டர் நிறுவனம் இத்தகைய உத்தரவுகளை எதிர்த்துக் கர்நாடக உயர் நீதிமன்றம் போனது. 2023 ஜூன் 30-ல் மனு தள்ளுபடி ஆனதோடு 50 லட்சம் ரூபாய் அபராதமும் விழுந்தது. இப்போது உள்துறை அமைச்சகத்தின் ‘சகயோக்’ தளம் வழியாக, மாநிலப் போலீஸ் உட்படப் பல துறைகள் நேராகவே கம்பெனிகளுக்கு நோட்டீஸ் அனுப்புகின்றன. அதை எதிர்த்த எக்ஸ் நிறுவனத்தின் மனுவும் 2025 செப்டம்பர் 24-ல் அதே நீதிமன்றத்தில் தள்ளுபடி ஆனது.

தோர்னின் உத்தரவு கொடுமையானது. ஆனால் அதில் அவர் பெயர் இருந்தது, சட்டப் பிரிவு இருந்தது, தண்டனை எவ்வளவு என்று இருந்தது. ஊர் அதைப் படித்தது, கூடிப் பேசியது, வழி கண்டுபிடித்தது. கண்ணுக்கே தெரியாத உத்தரவை ஊர் எப்படி எதிர்க்கும்? பொய்ச் செய்தியும் கலவரத்தைத் தூண்டும் வீடியோவும் இருக்கின்றன, அவற்றைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். தடுத்த உத்தரவை வெளியிடுங்கள், எழுதியவர் கையில் ஒரு நகல் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். காஷ்மீர் இணைய முடக்க வழக்கில், அனுராதா பாசின் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10-ல் இதைத்தானே சொன்னது? இணைய சேவையை நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்றது. ஊரையே முடக்கும் உத்தரவுக்கு அந்த விதி என்றால், ஒரு மனிதரை முடக்கும் உத்தரவுக்கும் அதே விதி இருப்பதில் என்ன கஷ்டம்?

புகைப்படக்காரர், சத்திரம் பேருந்து நிலையம்: தடை போட்டால்தான் இன்னும் பரவுகிறது. விகடன் கார்ட்டூனைத் தடைக்குப் பிறகுதான் நானே பார்த்தேன். அப்படியானால் தடை நல்லதுதானே?

விகடனுக்கு நடந்ததை வைத்து எல்லாருக்கும் நடக்கும் என்று எண்ணாதீர்கள். ட்ரம்ப் பக்கத்தில் மோடி விலங்கோடு உட்கார்ந்திருக்கும் கார்ட்டூன் 2025 பிப்ரவரியில் வந்தது. 15-ஆம் தேதி தளம் முடங்கியது. மார்ச் 6-ல் சென்னை உயர் நீதிமன்றம் தளத்தைத் திறக்கச் சொன்னது, ஆனால் அந்தக் கார்ட்டூன் பக்கத்தைத் தற்காலிகமாக நீக்கச் சொல்லிவிட்டு. விகடனுக்கு இது புதிதும் இல்லை. 1987-ல் அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு சட்டப்பேரவை மூன்று மாதச் சிறை விதித்தது. நாடே எதிர்த்ததால் சில நாளில் வெளியே வந்தார். பிறகு வழக்காடி, ஆயிரம் ரூபாய் இழப்பீடும் பெற்றார்.

நூறாண்டைத் தொடும் பத்திரிகைக்கு வக்கீல் உண்டு, லட்சக்கணக்கான வாசகர் உண்டு. துறையூரில் ஆற்று மணல் லாரிகளைப் படம் பிடித்து யூடியூபில் போடும் ஒரு பையனுக்கு யார் உண்டு? அவன் சேனல் போனால் தடை செய்ததே வெளியே தெரியாது. தடை பரப்பிவிடும் என்ற ஆறுதல், ஏற்கெனவே பிரபலமானவர்களுக்கு மட்டும் கிடைக்கும் ஆறுதல்.

விவசாயி, முசிறி: ஐயாக்கண்ணு அண்ணன் டெல்லியில் எலியைக் கடித்தார், மண்டை ஓட்டோடு உட்கார்ந்தார், உலகமே பார்த்தது. எங்களுக்கு என்ன கிடைத்தது?

உங்களிடம் மழுப்ப மாட்டேன்.

2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழ்நாடு அரசு வறட்சி நிவாரணமாக 39,565 கோடி ரூபாய் கேட்டது. மத்திய அரசு ஒதுக்கியது 1,748 கோடி. வழக்கறிஞரான ஐயாக்கண்ணு திருச்சி வட்டார விவசாயிகளோடு 2017 மார்ச் 14-ல் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார். 41 நாள். இறந்துபோன விவசாயிகளின் மண்டை ஓடு என்று கழுத்தில் மாட்டினார்கள், பிரதமர் அலுவலகம் அருகே ஆடையில்லாமல் ஓடினார்கள், கடைசியில் சிறுநீர் குடித்தார்கள். பிரதமர் சந்திக்கவில்லை. ஜூலையில் மறுபடி போய் உட்கார்ந்தார்கள்.

கிடைத்தது என்ன? அவர்களுடைய சங்கம் தொடர்ந்த வழக்கில், 2017 ஏப்ரல் 4-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, சிறு குறு விவசாயிகள் மட்டும் என்று பார்க்காமல் எல்லா விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க்கடனையும் தள்ளுபடி செய்யச் சொன்னது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021 நவம்பர் 23-ல் அந்தத் தீர்ப்பே ரத்தானது. ஆனால் அதற்குள், சட்டமன்றத் தேர்தல் வாசலில் நிற்க, 2021 பிப்ரவரி 5-ல் பழனிசாமி 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுக் கடனைத் தள்ளுபடி செய்தார். அதில் உங்கள் கடனும் இருந்திருக்கலாம். நீதிமன்றத்தில் தோற்ற கோரிக்கை தேர்தல் நேரத்தில் ஜெயித்தது. அதை நான்கு வருடம் உயிரோடு வைத்திருந்ததில் டெல்லித் தார் ரோட்டில் படுத்தவர்களுக்குப் பங்கு உண்டு.

இப்போது வருத்தமான பாதி. கேமராவுக்குத் தினம் ஒரு புதுப் படம் வேண்டியிருந்தது. நேற்று எலி என்றால் இன்று எலியைவிடப் பெரிதாக ஒன்று. உலகம் பார்த்தது எலியை. காவிரி மேலாண்மை வாரியமும் விளைபொருளுக்கு நியாயமான விலையும் படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் போயின. அறுபது, எழுபது வயது மனிதர்கள் தங்கள் மானத்தையே செலவழித்துத்தான் ஐந்து நிமிடக் கவனத்தை வாங்க வேண்டியிருந்தது என்பதில் வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள் இல்லை, நாம்.

இன்னொன்றும் நடந்தது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. 2017 அக்டோபரில் ஜந்தர் மந்தரில் போராட்டமே கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் முழுத் தடை செல்லாது என்று திருத்தியது. மெரினாவில் காவிரிக்காக உண்ணாவிரதம் இருக்க ஐயாக்கண்ணு அனுமதி கேட்டார். ஒரு நாள் மட்டும் என்று தனி நீதிபதி தந்த அனுமதியை, 2018 செப்டம்பரில் உயர் நீதிமன்ற அமர்வு ரத்து செய்தது. ஜல்லிக்கட்டுக்கு 2017 ஜனவரியில் அதே மெரினாவில் லட்சக்கணக்கானோர் கூடி ஒரே வாரத்தில் சட்டத்தையே வரவழைத்தார்களே, அதன் பிறகு அந்த மணலில் கூடிப் போராட அரசு யாரையும் விடவில்லை. போராட்டத்துக்குப் பலன் இல்லையென்றால் இடத்தைப் பிடுங்கும் சிரமம் எதற்கு? பக்கத்தை முடக்குவதும் மணலை மூடுவதும் ஒரே அச்சத்தில் பிறந்த காரியங்கள்.

கோயில் வாசல் பூக்கடைக்காரர், ஸ்ரீரங்கம்: ராஜகோபுரத்துக்கு எதிரே இருக்கும் பெரியார் சிலையை உடைக்க வேண்டும் என்று பேசியவரைக் கைது செய்தார்கள். அவருக்கு மட்டும் கருத்துரிமை கிடையாதா?

சிலை அங்கே இருக்கக் கூடாது என்று அவர் பேசலாம், எழுதலாம், வழக்குப் போடலாம், தெருவில் உட்காரலாம். அதைத் தடுத்தால் அவருக்காகவும் இங்கே எழுதுவேன். உடையுங்கள் என்பது வேறு. 66ஏ பிரிவை 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது மூன்றைப் பிரித்துக் காட்டியது: ஒன்றைப் பற்றி விவாதிப்பது, ஒரு கருத்துக்காக வாதாடுவது, தூண்டுவது. முதல் இரண்டையும், எவ்வளவு கசப்பாக இருந்தாலும், தொடக் கூடாது. மூன்றாவதில்தான் சட்டம் உள்ளே வரலாம். அந்தச் சிலை திறப்பதற்கு முன்பே, 2006 டிசம்பரில், தலை உடைக்கப்பட்ட சிலை. உடைத்த வரலாறு உள்ள இடத்தில் உடைக்கச் சொல்வது வெறும் பேச்சாக நிற்காது. அப்படிப் பேசிய கனல் கண்ணனை 2022 ஆகஸ்டில் புதுச்சேரி வரை தேடிப்போய்ப் பிடித்துப் பல நாள் சிறையில் வைத்திருக்க வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். சம்மன் அனுப்பி விசாரித்திருக்கலாம். வழக்கு நியாயம், சிறை மிகை.

உங்கள் கடை வாசலில் இரண்டு தரப்பும் பூ வாங்குவார்கள் என்று நினைக்கிறேன். அந்த வீதிக்கு இரண்டையும் தாங்கும் அகலம் உண்டு.

குடும்பத் தலைவி, திருவானைக்காவல்: எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவுக்கு நான் அட்மின். யாரோ எதையோ போட்டால் என்னைப் பிடிப்பார்களா?

அட்மின் என்பதற்காக மட்டும் பிடிக்க முடியாது. நீங்களும் கூட்டுச் சேர்ந்து செய்ததாகக் காட்டினால் ஒழிய அட்மின் மீது குற்றம் சுமத்த முடியாது என்று 2021 டிசம்பரில் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. ஆனால் வந்ததைப் படிக்காமல் ஃபார்வர்ட் செய்தேன் என்ற சமாதானம் எடுபடாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவைப் பகிர்ந்த எஸ்.வி. சேகருக்கு 2024 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

ரயில்வே ஓய்வூதியர், பொன்மலை: 1946 செப்டம்பர் 5-ல் எங்கள் சங்கத் திடலில் ஐந்து தொழிலாளிகளைச் சுட்டார்கள். அன்று செல்போன் இருந்திருந்தால் சுட்டிருப்பார்களா?

2018 மே 22-ல் தூத்துக்குடியில் எல்லார் கையிலும் செல்போன் இருந்தது ஐயா. போலீஸ் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். மதுரைக் கிளை கேள்வி எழுப்பிய பிறகு நெல்லையிலும் குமரியிலும் திரும்பி வந்தது. துப்பாக்கியைக் கேமரா தடுக்கவில்லை. ஆனால் வேன் மேல் ஏறிக் குறிபார்த்த காட்சி பதிவானதால், நடந்ததை இல்லை என்று யாராலும் சாதிக்க முடியவில்லை. பொன்மலையில் அந்தப் பதிவு உங்களைப் போன்றவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. எழுதிவையுங்கள், பேரனிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பொறியியல் மாணவர், துவாக்குடி: நேபாளத்தில் சமூக ஊடகத்தைத் தடை செய்ததும் இளைஞர்கள் இரண்டே நாளில் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். நம்மால் ஏன் முடியவில்லை?

தம்பி, 2025 செப்டம்பர் 8, ஒரே நாளில் அங்கே 19 பேர் செத்தார்கள். அடுத்த நாள் பிரதமர் ஒலி ராஜினாமா செய்தார். அந்தப் பத்தொன்பதில் உங்கள் வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள். அதை ஆசைப்படாதீர்கள். 

எனக்குப் பக்கத்து இலங்கை அதிகம் கற்றுத்தருகிறது. 2022 ஏப்ரல் 3-ல் கோத்தபய அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. இந்த அதிகாரம் உங்களுக்கு ஏது என்று மனித உரிமை ஆணைக்குழு கேட்டது. அன்றே திறந்துவிட்டார்கள். நாடு மாதக்கணக்கில் தெருவில் நின்றது. ஜூலையில் கோத்தபய ஓடினார். ஆனால் அடுத்து வந்த அரசு 2024 ஜனவரியில் இணையப் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரில் பேச்சைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆளை மாற்றுவது ஒரு வேலை, சட்டத்தைக் காவல் காப்பது இன்னொரு வேலை. இரண்டாவதற்கு ஆள் தேவைப்படுகிறது, உங்களைப் போல.

இலங்கைத் தமிழர் முகாம்வாசி, கொட்டப்பட்டு: நாங்கள் போராடினால் யார் பார்ப்பார்கள்? எங்கள் உறவுகள் அஞ்சலிப் பதிவு போட்டாலே ஃபேஸ்புக் கணக்கு போய்விடுகிறது.

உங்கள் கேள்விக்கு என்னிடம் தெம்பான பதில் இல்லை அண்ணா.

இங்கே தடுப்பது இரண்டு கைகள். ஒன்று கம்பெனியின் கை. நவம்பரில் மாவீரர் நாள் வந்தால், செத்துப்போன தம்பியின் படத்தைப் போட்டு அழுகிறவருக்கும் ஆயுதம் ஏந்தச் சொல்கிறவருக்கும் கம்பெனியின் விதியில் வித்தியாசம் தெரிவதில்லை. தமிழ் தெரிந்த மனிதர் பார்த்தால் ஒரு நொடியில் தெரியும் வித்தியாசம். தீர்ப்புக்கு மேல்முறையீடு இருப்பது போல், தமிழில் எழுதினால் தமிழ் தெரிந்த ஒருவர் படித்துப் பதில் சொல்லும் ஏற்பாடு வேண்டும். தமிழில் விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கிற கம்பெனிக்கு அது இயலாத செலவு இல்லை.

இன்னொரு கை அரசின் கை. திருச்சி மத்தியச் சிறை வளாகத்தில் இருக்கும் சிறப்பு முகாமில் ஈழத்தமிழர்கள் எத்தனை முறை உண்ணாவிரதம் இருந்திருக்கிறார்கள்! ராஜீவ் காந்தி கொலை வழக்கிலிருந்து விடுதலையாகியும் வெளியே விடப்படாமல் அங்கே வைக்கப்பட்ட சாந்தன், ஊருக்குப் போய்த் தாயைப் பார்க்கும் அனுமதி கைக்கு வந்த நேரத்தில், 2024 பிப்ரவரி 28-ல் சென்னை மருத்துவமனையில் இறந்தார். அவரை விடுவித்து உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2022 நவம்பரில். அந்தப் பதினைந்து மாதங்களில் திருச்சி ஊர் என்ன செய்துகொண்டிருந்தது என்று யாராவது என்னைக் கேட்டால் தலை குனிவதைத் தவிர வேறு வழி இல்லை. சுவருக்கு உள்ளே நடக்கும் போராட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள்தான் வாய். நாங்கள் அந்த வாயாக இருந்திருக்க வேண்டும்.

தமிழாசிரியர், லால்குடி: கல்லக்குடிப் போராட்டம் வெற்றியா தோல்வியா?

1953 ஜூலை 15-ல் தோல்வி. டால்மியாபுரம் பெயர்ப்பலகை மீது கல்லக்குடி என்று ஒட்டி, தண்டவாளத்தில் படுத்த கருணாநிதி திருச்சிச் சிறைக்குப் போனார். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தி.மு.க. ஆட்சிக்கு வந்த பிறகுதான் பெயர் மாறியது. போராட்டத்தின் பலனை அன்று மாலையே கேட்பது செய்திச் சேனல்களின் வழக்கம். ஊருக்கு அந்த அவசரம் இல்லை.

தெருவோர இட்லிக்கடை நடத்துபவர், தென்னூர்: எங்கள் தெருவில் குடிதண்ணீர் கலங்கலாக வருகிறது. வீடியோ எடுத்துப் போட்டேன். நிறையப் பேர் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்து அந்த வீடியோவை யாரோ புகார் செய்து தூக்கிவிட்டார்கள். தண்ணீர் இன்னும் அப்படியேதான் வருகிறது. என்ன செய்ய அம்மா?

வீடியோவின் மூலப் பிரதி உங்கள் போனில் இருக்கிறதா? இருந்தால் இன்னொரு போனிலும் ஏற்றிவையுங்கள். தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, அன்றைய நாளிதழைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். தெருவில் எத்தனை வீடோ அத்தனை கையெழுத்தோடு மனு எழுதுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும். தனியாகப் போகாதீர்கள், பத்துப் பெண்கள் குடத்தோடு போங்கள். மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள்.

பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு கடிதம். கட்டணம் 10 ரூபாய். எங்கள் தெருக் குழாய் நீரைக் கடைசியாக எந்தத் தேதியில் சோதித்தீர்கள், முடிவின் நகலைக் கொடுங்கள் என்ற இரண்டே கேள்வி போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது. வருகிற பதிலைப் படம் எடுத்து அதே பக்கத்தில் போடுங்கள். உங்கள் கடைக்கு வந்து இட்லி சாப்பிடுகிறவர்களில் ஒரு வக்கீலாவது இருப்பார். கடிதத்தை அவரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.